ஓய்வூதிய மாற்றம் நிறைவேறுமா? அறிவிப்பைப் படித்தே கணிப்பது எப்படி

ஓய்வூதியத்தில் கை வைக்கும் எந்த அரசாங்கமும் முதலில் கணக்கைத்தான் காட்டும். ஆயுள் கூடிவிட்டது, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், இன்ன ஆண்டோடு நிதி காலி என்று வரைபடம் போட்டு விளக்குவார்கள். கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அதை வைத்துத் திட்டம் நிறைவேறுமா என்று சொல்ல முடியாது. சுவீடன், பிரான்ஸ், இத்தாலி மூன்றுக்கும் முதுமைச் சுமை பெரிதாக வேறுபடவில்லை. 1990களில் சுவீடனில் ஐந்து கட்சிகள் சேர்ந்து உடன்பட்டன. பிரான்சில் ரயில்கள் நின்றன. இத்தாலியில் ஆட்சியே கவிழ்ந்தது.

நான் பொருளியல் படித்தவள் இல்லை. சிங்கப்பூரின் துவாஸில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் இருந்தேன். மசேநிதி (மத்திய சேமநிதி: ஊழியரும் முதலாளியும் மாதாமாதம் கட்டும் ஓய்வுக்காலச் சேமிப்பு) விகிதம் மாறும் ஒவ்வொரு ஜனவரியிலும் சம்பளச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவர்களுக்குப் பதில் சொல்வது என் தலையில்தான் விழும். இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் வட்டார சமூக மன்றத்தில் மூத்தோருக்கு மசேநிதிக் கடிதங்களைப் படித்துச் சொல்கிறேன். 2023ல் பாரிஸ் தெருக்களில் குப்பை மலையாகக் குவிந்த படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார்: “அவன் ஊர்ல வயச ரெண்டு வருஷம் ஏத்துனதுக்கு இந்தக் கூத்து. நம்ம ஊர்லயும்தான் ஏத்துனாங்க. சத்தமே இல்லையேம்மா, ஏன்?” அதற்குப் பதில் தேடிப் போய்க் கிடைத்த வழிமுறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். செய்தித்தாளும் ஒரு வெற்றுத் தாளும் போதும்.

தொடங்குமுன் ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். சட்டமானால் மட்டும் வெற்றி இல்லை. அடுத்த ஆட்சி வந்த பிறகும் அது உயிரோடு இருக்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியே மதிப்பெண் போடுங்கள். பணத்தை அள்ளிக் கொடுக்கும் திட்டங்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கொவிட் காலத்தில் மலேசியா ஊழியர் சேமநிதியிலிருந்து சிறப்பு மீட்புகளுக்கு அனுமதி கொடுத்தது. மொத்தம் 145 பில்லியன் ரிங்கிட் வெளியே போனது. சிலியிலும் அதே கதை. எடுத்துக்கொள் என்று சொல்ல அரசியல் துணிச்சல் தேவையில்லை. நாம் பார்க்கப் போவது ‘காத்திரு’, ‘கூடுதலாகக் கட்டு’, ‘குறைவாக வாங்கிக்கொள்’ என்று சொல்லும் திட்டங்களை மட்டும்தான்.

எந்த எண்ணில் கை வைக்கிறார்கள்?

அறிவிப்பில் உள்ள எண்களை எல்லாம் வரிசையாக எழுதுங்கள்: வயது, விழுக்காடு, தொகை, சந்தா கட்ட வேண்டிய ஆண்டுகள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கேள்வி. கோப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பவரைத் தட்டிக் கேட்டால் இந்த எண்ணை அவர் மனப்பாடமாகச் சொல்வாரா? சொல்வார் என்றால் அதைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். மக்கள் அந்த எண்ணைச் சுற்றித்தான் வீட்டுக் கடன், பிள்ளை கல்யாணம், ஊருக்குப் போவது எல்லாவற்றையும் திட்டமிட்டிருப்பார்கள்.

நம்மூரில் அந்த எண் 55. மத்திய சேமநிதி 1955 ஜூலையில் தொடங்கியது. 55 வயதில் மொத்தப் பணமும் கையில் வரும் என்பதுதான் பல காலம் ஊரறிந்த கணக்கு. 1984ல் சுகாதார அமைச்சர் ஹாவ் யூன் சோங் தலைமையிலான குழு, பணம் எடுக்கும் வயதை 60க்கும், காலப்போக்கில் 65க்கும் தள்ளலாம் என்று பரிந்துரைத்தது. காரணத்தில் குறை சொல்ல முடியாது. ஆயுள் கூடுகிறது, 55ல் எடுத்த பணம் 70 வரை தாங்காது. ஆனாலும் ஊர் கொதித்தது, அரசாங்கம் பரிந்துரையைக் கைவிட்டது. அந்த டிசம்பர் பொதுத் தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு விழுந்த வாக்கு, 1980ல் இருந்த 77.7 விழுக்காட்டிலிருந்து 64.8க்கு இறங்கியது. பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை தந்த திட்டம் கிளப்பிய கோபமும் அதில் உண்டு, எல்லாப் பழியையும் 55 மேல் போட முடியாது. இருந்தாலும் அதற்குப் பிறகு இங்கே அந்த எண்ணை யாரும் தொட்டதில்லை.

வேறோர் எண்ணைக் கொண்டுவந்தார்கள். 1987ல் குறைந்தபட்சத் தொகை வந்தது: 30,000 வெள்ளி. 55ல் கதவு திறந்தேதான் இருக்கும், போகும்போது இந்த அளவை மட்டும் உள்ளே வைத்துவிட்டுப் போ என்றார்கள். 1984 அறிக்கை எதை விரும்பியதோ அதன் பாதி இப்படி நடந்துவிட்டது. இந்த முறை தெருவில் யாரும் இல்லை.

அதற்காக ஓர் எண்ணை மாற்றி இன்னோர் எண்ணை வைத்தால் போதும் என்று எழுதிவிடாதீர்கள். அந்தத் தொகை ஏறிக்கொண்டே வந்து 2014ல் 155,000 வெள்ளியைத் தொட்டது. அதற்குள் அதுவும் மனப்பாட எண்ணாகிவிட்டது. அந்த ஆண்டு ஹோங் லிம் பூங்காவில் கூடியவர்கள் எங்கள் மசேநிதியைத் திருப்பிக் கொடு என்று முழங்கினார்கள். அரசாங்கம் ஆலோசனைக் குழு அமைத்தது. 2015ல் வந்த பரிந்துரைப்படி ஒற்றைத் தொகை போய் அடிப்படை, முழு, மேம்பட்ட என்று மூன்று வந்தன. வேண்டுமானால் 65 வயதில் ஐந்தில் ஒரு பங்கு வரை மொத்தமாக எடுக்கலாம் என்ற வழியும் வந்தது. மூன்று தொகை இருந்தால் எதை எதிர்த்து முழங்குவது? அதில் மக்கள்மேல் அக்கறையும் உண்டு, சாமர்த்தியமும் உண்டு என்பது என் கருத்து.

2019 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங், ஓய்வுபெறும் வயது 2030க்குள் 65க்கும், மறுவேலைவாய்ப்பு வயது (ஓய்வு வயதைத் தாண்டியவருக்கு முதலாளி மறுபடி வேலை தர முன்வர வேண்டிய வரம்பு) 70க்கும் படிப்படியாக உயரும் என்று அறிவித்தார். மசேநிதியிலிருந்து பணம் எடுக்கும் வயதுகள் எதுவும் மாறாது என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார். மறுநாள் திங்கட்கிழமை. எங்கள் கேண்டீனில் போர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன் ஒருவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்று கேட்டார்.

“அக்கா, 55ல கை வச்சுட்டாங்களா?”

“இல்லண்ணே.”

“அப்ப சரி.”

அவ்வளவுதான். உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார். மீதி உரையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

சனிக்கிழமைக் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. பிரான்சில் வயது 62லிருந்து 64 ஆனால், மாதாமாதம் வர வேண்டிய ஓய்வூதியத்துக்கு இரண்டு ஆண்டு கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். இங்கே ஓய்வுபெறும் வயது 62லிருந்து 63 ஆனால், வயதைக் காரணம் காட்டி முதலாளி உங்களை வெளியே அனுப்ப இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். செய்தித் தலைப்பு இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் காத்திருப்பவர் வேறு. எந்த நாட்டுச் செய்தியானாலும் இதை முதலில் பிரித்துப் பார்க்காவிட்டால் மேற்கொண்டு செய்யும் ஒப்பீடு எல்லாம் வீண்.

பிறந்த ஆண்டை வைத்து ஒரு பட்டியல்

இரண்டாவது வேலைக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், பத்து ஆண்டுக்குள் வாங்கப் போகிறவர்கள், இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒவ்வொருவரும் எதை இழக்கிறார், எந்த ஆண்டில் இழக்கிறார் என்று நிரப்புங்கள். நடுப் பத்திதான் வெடிக்கும் பத்தி. அவர்களுக்குத் திட்டத்தை மாற்ற நேரமும் இல்லை, இழப்பைக் கண்ணால் காணாத அளவு தூரமும் இல்லை.

நன்றாகச் செய்தவர்கள் எல்லாரும் இந்த நடுப் பத்தியைத்தான் மெலிய வைத்தார்கள். அமெரிக்கா 1983ல் முழு ஓய்வூதிய வயதை 65லிருந்து 67 ஆக்கியது. முதல் சிறு உயர்வே 1938ல் பிறந்தவர்களுக்குத்தான், முழு 67 என்பது 1960ல் பிறந்தவர்களுக்கு. அதாவது சட்டம் வந்தபோது 23 வயதில் இருந்தவருக்கு. 23 வயதுக்காரர் தன் முதுமைக்காகப் பதாகை பிடிப்பதை நான் பார்த்ததில்லை. சுவீடனின் புதிய முறை 1954ல் பிறந்தவர்களிலிருந்து முழுதாக அமலானது. 1938 முதல் 1953 வரை பிறந்தவர்களுக்குப் பழையதும் புதியதும் கலந்து கொடுத்தார்கள்.

நம் மசேநிதி மாத வழங்குதொகை வயதையும் இதே போலப் போட்டுப் பாருங்கள். 1944க்கு முன் பிறந்தவர்களுக்கு 60. 1944 முதல் 1949 வரை 62. அடுத்த ஈராண்டுக்காரர்களுக்கு 63, அதற்கடுத்த ஈராண்டுக்கு 64, 1954 முதல் 65. சுவீடனுக்கும் நமக்கும் 1954 பொருந்தியது தற்செயல்தான். ஆனால் படிக்கட்டின் அமைப்பு தற்செயல் இல்லை. எங்கள் மன்றத்துக்கு வரும் இரண்டு சகோதரிகளில் அக்காள் 62ல் வாங்க ஆரம்பித்தார், தங்கைக்கு 64. தங்கைக்கு இன்னமும் மனத்தாங்கல் உண்டு, ஆனால் அது அக்காளோடு போகிறது, அரசாங்கத்திடம் போவதில்லை.

படி இல்லாமல் போனால் என்னாகும் என்பதற்கு பிரிட்டன். பெண்களின் ஓய்வூதிய வயதை 60லிருந்து ஆண்களைப் போலவே 65 ஆக்க 1995லேயே சட்டம் போட்டார்கள். 2010 முதல் 2020 வரை மெல்ல ஏற்றுவதாகத் திட்டம். நல்ல படிக்கட்டு, பெரிய எதிர்ப்பும் இல்லை. 2011ல் செலவுச் சிக்கனத்துக்காக அதை வேகப்படுத்தி, 2018 நவம்பரிலேயே 65, 2020ல் 66 என்று மாற்றினார்கள். 1950களில் பிறந்த பெண்கள் நடுப் பத்தியில் சிக்கிக்கொண்டார்கள். எங்களுக்கு ஒழுங்காகத் தகவல்கூட வரவில்லை என்று அவர்கள் தொடங்கிய இயக்கம் இன்றுவரை ஓயவில்லை. 2024ல் நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளரும் தகவல் சொன்ன முறையில் தவறு இருந்தது என்றார். சட்டம் நின்றது, ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதே பட்டியலில் ஒரு கண்ணியும் இருக்கிறது. புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும் என்று போட்டுவிட்டால் அன்றைக்கு எதிர்ப்பே இருக்காது, ஏனென்றால் பாதிக்கப்படப் போகிறவர் இன்னும் வேலைக்கே வரவில்லை. இந்தியாவில் 2004 ஜனவரி முதல் தேதியிலிருந்து மத்திய அரசு வேலைக்கு வந்தவர்களுக்கு, ராணுவத்தினரைத் தவிர, பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்புத் திட்டம்தான் என்றார்கள். சத்தமில்லாமல் நடந்தது. ஆனால் அந்தப் புதியவர்களுக்கும் வயது ஏறும் அல்லவா? இருபது ஆண்டில் அலுவலகங்களில் அவர்கள் கூட்டம் பெருகிவிட்டது. பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா என்று கேட்டார்கள். 2022ல் ராஜஸ்தான் பழைய முறைக்கே திரும்புவதாக அறிவித்தது. இமாச்சலப் பிரதேசத் தேர்தலில் அதுவே பெரிய வாக்குறுதி ஆனது. 2025 ஏப்ரலிலிருந்து மத்திய அரசும், 25 ஆண்டு பணியாற்றியவருக்குக் கடைசி ஓராண்டு அடிப்படைச் சம்பள சராசரியில் பாதி உறுதி என்ற திட்டத்தைக் கொடுக்க வேண்டி வந்தது. அதனால் பட்டியலை அறிவிப்பு நாளன்று ஒரு முறையும், இருபது ஆண்டு தள்ளி இன்னொரு முறையும் போடுங்கள். இரண்டாவது பட்டியலை யாருமே போடுவதில்லை.

எதிர்த்தால் லாபம் யாருக்கு, அவர் எங்கே நிற்கிறார்?

அறிவிப்பு நாள் புகைப்படத்தில் அமைச்சருக்குப் பக்கத்தில் யார் யார் என்று பாருங்கள். ‘ஆலோசனை நடத்தப்பட்டது’ என்ற வரிக்கு மதிப்பெண் கிடையாது. யார் கையெழுத்திட்டார் என்பதுதான் கேள்வி.

இத்தாலியில் 1994ல் பெர்லுஸ்கோனி அரசு தொழிற்சங்கங்களைத் தள்ளிவைத்துவிட்டு ஓய்வூதியத்தை வெட்டப் பார்த்தது. ஊர்வலங்களில் நாடே திரண்டது, அரசு அந்தப் பகுதியிலிருந்து பின்வாங்கியது, ஆண்டு முடிவதற்குள் கூட்டணி உடைந்து ஆட்சியும் போனது. சில மாதத்தில் டினி அரசு அதே நாட்டில், அதே கடனோடு, முன்னதைவிட ஆழமான மாற்றத்தையே நிறைவேற்றியது. சங்கங்களோடு உட்கார்ந்து எழுதினார்கள், சங்கங்கள் அதை வேலையிடங்களில் வாக்கெடுப்புக்கு விட்டன, தொழிலாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். 1995 முடிவில் 18 ஆண்டு சந்தா கட்டியவர்களுக்குப் பழைய முறையே என்று நடுப் பத்தியையும் காப்பாற்றிவிட்டார்கள். விலையும் இருந்தது: மாற்றம் முழுதாக உறைக்கப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அதனால்தான் 2011ல் மறுபடி வெட்ட வேண்டி வந்தது.

பிரான்சிலும் இதே போன்ற ஜோடி உண்டு. 1995ல் பிரதமர் ஜூப்பே பொதுத்துறைச் சலுகைகளைத் திடீரென்று தொட்டார், மூன்று வாரம் ரயிலும் மெட்ரோவும் நின்றன, அதைக் கைவிட்டார். 2003ல் அமைச்சர் ஃபியோன் பொதுத்துறைக்கும் 40 ஆண்டுச் சந்தா என்று கொண்டுவந்தபோது, பெரிய சங்கங்களில் ஒன்றான சிஎஃப்டிடி உடன்பட்டது. எதிர்ப்பு இரண்டாகப் பிளந்தது, சட்டம் நிறைவேறியது.

சங்கம்தான் எல்லா இடத்திலும் சாவி என்று நினைக்காதீர்கள். சுவீடனில் 1990களின் பணிக்குழுவில் சங்கங்கள் இல்லை, கட்சிகள் மட்டும்தான் இருந்தன. அங்கே எதிர்த்தால் லாபம் பார்க்கக்கூடியது எதிர்க்கட்சி. அதையே உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். 1994ல் கொள்கை, 1998ல் சட்டம், இடையில் தேர்தல் வந்து ஆட்சி மாறியது. உடன்பாடு மட்டும் மாறவில்லை. ஓய்வூதியத்தை ஆராய அமைத்த பிரிட்டனின் டர்னர் ஆணையத்தில் மூன்றே பேர்: தொழில்துறையிலிருந்து ஒருவர், தொழிற்சங்கத்திலிருந்து ஒருவர், பேராசிரியர் ஒருவர். ஊழியர்களைத் தானாகவே சேமிப்பில் சேர்த்துவிட்டு, வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம் என்ற அவர்களின் யோசனை 2012ல் அமலானது. அதற்குள் தொழிற்கட்சி ஆட்சி போய்ப் பழமைவாதக் கூட்டணி வந்திருந்தது, இருந்தும் தொடர்ந்தார்கள்.

சிங்கப்பூரை இந்த வரிசையில் வைக்கும்போது கவனம் தேவை. முத்தரப்புப் பணிக்குழு 2018ல் தொடங்கி 2019ல் அறிக்கை கொடுத்தது. மனிதவள அமைச்சு, தேசிய தொழிற்சங்கக் காங்கிரஸ், முதலாளிகள் சம்மேளனம் மூன்றும் அதில் இருந்தன. ஆனால் இங்கே தொழிற்சங்கக் காங்கிரசும் ஆளுங்கட்சியும் வெகுகாலமாக நெருங்கிய உறவில் இருப்பவை. ரோமிலோ பாரிஸிலோ சங்கம் கொடுக்கும் ஒப்புதலுக்கு உள்ள எடை வேறு, இங்குள்ள எடை வேறு. என்னைக் கேட்டால், இங்கே பார்க்க வேண்டிய கையெழுத்து முதலாளிகளுடையது. வயதான ஊழியருக்குக் கூடுதல் சந்தா கட்டப் போகிறவர்கள் அவர்கள்தான். சந்தா உயர்ந்தபோது, முதலாளி கட்ட வேண்டிய கூடுதலில் பாதியை ஓராண்டுக்கு அரசாங்கமே ஈடுசெய்தது. மறுகையில் என்ன இருக்கிறது, அதாவது கேட்பதற்கு ஈடாக என்ன கொடுக்கிறார்கள் என்று பார்ப்பதும் இதோடு சேர்ந்ததுதான், அதற்குத் தனித் தலைப்பு தேவையில்லை.

படியின் உயரம்

2022 ஜனவரியில் 55 முதல் 60 வயதுவரை உள்ளவர்களின் மசேநிதிச் சந்தா, ஊழியர் 13, முதலாளி 13 என்பதிலிருந்து 14, 14 ஆனது. 2021லேயே வர வேண்டியது, கொவிட்டால் ஓராண்டு தள்ளிப்போனது. 2,000 வெள்ளி சம்பளக்காரர் ஒருவர் சீட்டோடு வந்து நின்றார்: “இருவது வெள்ளி கொறையுதே அக்கா.” பிடித்தம் 260லிருந்து 280 ஆகியிருந்தது. அதே சீட்டில் முதலாளி பங்கும் 20 வெள்ளி கூடியிருப்பதைக் காட்டினேன். கையிலிருந்து 20 போனால் கணக்கில் 40 ஏறுகிறது. கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த ஜனவரியில் அவர் வரவே இல்லை. 2023, 2024, 2025, 2026 என்று ஒவ்வோர் ஆண்டும் ஏறி இப்போது அந்த வயதினருக்கு ஊழியர் பங்கு 18, முதலாளி பங்கு 16. மொத்தம் 26லிருந்து 34. ஒரே ஜனவரியில் செய்திருந்தால் எங்கள் பிரிவின் கதவு உடைந்திருக்கும்.

அதனால் அறிவிப்பில் முடிவு எண்ணை மட்டும் பார்க்காமல், ஒரு படியில் சம்பளச் சீட்டில் எவ்வளவு தெரியும் என்று கணக்குப் போடுங்கள்.

தானாக நடக்கும் என்கிறார்களா?

சில நாடுகள் கையை விலக்கிக்கொண்டு ஒரு சூத்திரத்தை வைத்துவிடுகின்றன. ஆயுள் கூடினால் வயது ஏறும், நிதி தளர்ந்தால் தொகை குறையும், யாரும் வாக்களிக்க வேண்டாம். பழி போட ஆள் இல்லாததால் இது எளிதில் நிறைவேறும். நீங்கள் பார்க்க வேண்டியது அதை நிறுத்தும் பொத்தான் எங்கே என்பதை. சுவீடனின் தானியங்கி பிரேக் 2010ல் முதன்முறையாக இழுக்கப்பட்டது. ஓய்வூதியம் உண்மையிலேயே குறைந்தது, சூத்திரம் நின்றது. ஆனால் அதற்குள் அதிர்ச்சி மூன்றாண்டு சராசரியில் பரவும்படி கணக்கைத் திருத்தி, ஓய்வூதியர்களுக்கு வரியையும் குறைத்திருந்தார்கள். டென்மார்க்கில் 2025 மே மாதம் நாடாளுமன்றம் 2040ல் 70 வயது என்று நிறைவேற்றியது. 2006 உடன்பாட்டின் சூத்திரம் சொன்னபடிதான். ஆனால் இதற்குமேல் இப்படியே ஏற்றிக்கொண்டு போக முடியாது என்று அந்நாட்டுப் பிரதமரே சொல்லிவிட்டார். ஜப்பான் 2004ல் வைத்த சூத்திரம், விலைவாசி ஏறாததால், 2015வரை ஒருமுறைகூட வேலை செய்யவில்லை.

நெருக்கடியைப் பற்றிச் சுருக்கமாக. பெட்டி காலியாகப் போகிறது என்றால் எதுவும் நிறைவேறும். 1983ல் அமெரிக்காவில் சில மாதத்தில் பணம் தீரும் நிலை. 2011ல் இத்தாலியின் கடன் வட்டி தாறுமாறாக ஏறியிருந்தது. அமைச்சர் எல்சா ஃபோர்னெரோ செய்தியாளர் கூட்டத்தில் அழுதுகொண்டே வெட்டை அறிவித்தார், சட்டம் வாரங்களில் நிறைவேறியது. அமெரிக்காவில் இரு கட்சியும் சேர்ந்து போட்டதால் அது இன்னும் நிற்கிறது. இத்தாலியில் அப்படியில்லை. 2019ல் வந்த அரசு 62 வயதும் 38 ஆண்டுச் சந்தாவும் இருந்தால் போகலாம் என்று சில ஆண்டுகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. நெருக்கடி இருக்கிறது என்றால் முதல் மதிப்பெண்ணைத் தாராளமாகப் போடுங்கள், இரண்டாவதில் கஞ்சத்தனம் காட்டுங்கள்.

இரண்டு நாடுகளை வைத்துச் சோதித்துப் பார்ப்போம்

பிரான்ஸ், 2023. எண்: 62, நாட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். சிவப்பு வட்டம். பிறந்த ஆண்டு: 1961 செப்டம்பரில் பிறந்தவர்களிலிருந்தே, 2023லேயே உயர்வு தொடக்கம். நடுப் பத்தி நிரம்பி வழிகிறது. கையெழுத்து: எட்டுப் பெரிய சங்கங்களும் எதிர்ப்பில் ஒன்றாக நின்றன, 2003ல் உடன்பட்ட சிஎஃப்டிடி உட்பட. எதிர்க்கட்சிகளும் வெளியே. நெருக்கடி: பற்றாக்குறை உண்டு, ஆனால் நாளைக்கே பணம் நிற்கும் நிலை இல்லை. என் தாளில் இது ஒவ்வொரு கேள்வியிலும் தோற்கிறது. ஆனாலும் சட்டமானது. அரசமைப்பின் 49.3 பிரிவைக் கொண்டு வாக்கெடுப்பே இல்லாமல் மார்ச்சில் கடத்தினார்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒன்பது வாக்கில் தோற்றது. அப்போது சிலர் என்னிடம், உங்கள் முறை பலிக்கவில்லையே என்றார்கள். இரண்டாவது மதிப்பெண்ணுக்குக் காத்திருங்கள் என்றேன். 2025 அக்டோபரில் பிரதமர் லெகோர்னு, அடுத்த அதிபர் தேர்தல்வரை அந்த உயர்வை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்.

இந்தச் சோதனையிலிருந்து தாளில் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த நாட்டு அரசமைப்பில் வாக்கெடுப்பைத் தவிர்க்கக் குறுக்குவழி உண்டா? உண்டு என்றால், மேலே உள்ள எல்லாக் கேள்வியிலும் தோற்ற திட்டம்கூடச் சட்டமாகலாம்.

தென்கொரியா, 2025 மார்ச். 18 ஆண்டுக்குப் பிறகு வந்த முதல் பெரிய மாற்றம். சந்தா 9 விழுக்காட்டிலிருந்து 13, ஓய்வூதியம் சராசரி வருமானத்தில் 43 விழுக்காடு. தொடும் எண் வயது இல்லை, விழுக்காடு. அங்கே அது வயதைப் போல மனப்பாடம் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். மறுகையில்: 40க்கு இறங்கிக்கொண்டிருந்த ஓய்வூதியம் 43ல் நிற்கும். கையெழுத்து: அரசியல் கொந்தளிப்புக்கு நடுவிலும் இரண்டு பெரிய கட்சிகளும் உடன்பட்டன. இதுவரை நல்ல மதிப்பெண்தான்.

பிறந்த ஆண்டுப் பட்டியலில்தான் இடிக்கிறது. ஓய்வுக்கு அருகில் உள்ளவர் கூடுதல் சந்தாவைச் சில ஆண்டு கட்டினால் போதும். இருபதுகளில் இருப்பவர் வேலைக்காலம் முழுக்கக் கட்ட வேண்டும். வாக்கெடுப்பில் இரு கட்சியிலும் இளைய உறுப்பினர்கள் சிலர் எதிர்த்தே வாக்களித்தார்கள். வழக்கமாக அமைதியாக இருக்கும் மூன்றாவது பத்தி அங்கே இப்போதே பேசத் தொடங்கிவிட்டது. அதனால் முதல் மதிப்பெண் முழுதாக, இரண்டாவது பாதி என்று போட்டிருக்கிறேன்.

படியின் உயரத்தையும் பார்த்துவிடுங்கள். 2026 முதல் 2033 வரை ஆண்டுக்கு அரை விழுக்காடு, அதில் பாதி முதலாளியுடையது. மாதம் 30 லட்சம் வோன் சம்பளக்காரருக்கு ஒரு ஜனவரியில் கூடுதலாகப் பிடிப்பது 7,500 வோன். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடச் சில இடங்களில் போதாது. எதிர்ப்பு கிளம்பினால் 2026லோ 2027லோ இருக்காது, மொத்தப் பிடித்தம் கண்ணில் படும் அளவுக்கு ஏறும் நடு ஆண்டுகளில்தான் இருக்கும். தென்கொரியத் தலைநகர் சோலில் சம்பளப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் அக்காமார்களுக்கு இன்னும் பல ஜனவரி பாக்கி இருக்கிறது.